வைக்கோலுக்கு எந்தக் கணக்கு?

பெண் பார்க்கப் போன இடத்தில் என் மாமியார் சொன்ன பதில் இது.

"பையன் என்ன பண்றாருங்க?"

"பண்ணை வச்சிருக்கானுங்க."

"கோழிப் பண்ணைங்களா?"

நாமக்கல் பக்கம் பண்ணை என்றால் கோழிதான். ஊரில் மனிதர்களைவிடக் கோழிகள் அதிகம். மாமியார் ஒரு விநாடி யோசித்தார். "கால்நடைங்க" என்றார்.

"மாடுங்களா?"

"அதும் நாலு கால்தானுங்க."

மாமனார் செருமிக்கொண்டே எழுந்து போய், வெளியே நிறுத்தியிருந்த காரில் உட்கார்ந்துகொண்டார். பஜ்ஜி வந்தது, கேசரி வந்தது, பெண்ணும் வந்தது. சம்பந்தம் மட்டும் வரவில்லை. மறுநாள் யாரோ உண்மையைப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். பையன் வளர்ப்பது பன்றி.

முகத்தைச் சுளிக்காதீர்கள் சார். நானும் சுளித்தவன்தான். அதுவும் சாதாரணச் சுளிப்பு இல்லை. ஒன்றரை லட்ச ரூபாய் சுளிப்பு. என் மனைவியின் ஐந்து பவுன் செயினை வங்கியில் வைத்து, மச்சினனுக்குக் கொடுத்த கடன்.

மச்சினன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் எட்டு வருடம் பில்லிங் செக்ஷனில் இருந்தான். 2020 ஊரடங்கில் கம்பெனி கதவைச் சாத்தியது. திறந்தபோது இவனுக்கு நாற்காலி இல்லை. ஊருக்கு வந்து ஆறு மாதம் மோட்டு வளையைப் பார்த்தான். பிறகு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிப் பக்கம் போய் வர ஆரம்பித்தான். 2021 தை மாதம் எனக்கு போன்.

"மச்சான், பத்துத் தாய், ஒரு கிடா. புராஜெக்ட் ரிப்போர்ட் ஒண்ணு எழுதிக் கொடுங்க."

"கிடான்னா ஆடா?"

"பன்னிங்க மச்சான். வெண்பன்றி."

நான் பி.காம். நாலு கடைகளுக்குக் கணக்கு எழுதி, மிச்ச நேரத்தில் பத்திரிகைக்கு எழுதிப் பிழைப்பவன். எழுத்தில் வராத வருமானம் கணக்கில் வரும். கணக்கில் வராத மரியாதை எழுத்திலும் வராது. ஆனாலும் ரிப்போர்ட் என்று யாராவது கேட்டால் கை பரபரக்கும்.

முதல் வேலையாகக் குட்டி விசாரிக்க என்னைக் காட்டுப்பாக்கம் போகச் சொன்னான். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் அங்கேதான். சென்னைக்காரனான எனக்கு வழி சொல்ல வேண்டுமா? பஸ் ஏறிப் பூந்தமல்லிப் பக்கம் இருக்கிற காட்டுப்பாக்கத்தில் இறங்கி, டீக்கடையில் "இங்கே பன்றி எங்கே இருக்கு?" என்று கேட்டேன். டீக்கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "யாரைக் கேக்கறே?" என்றார். பன்றி இருக்கிற காட்டுப்பாக்கம் தாம்பரம் தாண்டி, பொத்தேரி ஸ்டேஷன் பக்கம். சென்னைக்குப் பக்கத்தில் இரண்டு காட்டுப்பாக்கம் இருப்பது அன்றுதான் எனக்குத் தெரியும். அடி வாங்காமல் திரும்பியது பாக்கியம்.

மறுநாள் சரியான காட்டுப்பாக்கம். அங்கே பார்த்த பன்றிக்கும், நம் தெருச் சாக்கடையில் பார்க்கிற பன்றிக்கும் பெயரில் மட்டும்தான் சம்பந்தம். ரோஜா கலந்த வெள்ளை. பெரிய வெள்ளை யார்க்ஷையர் என்கிற இங்கிலாந்து ஜாதி. அதில் முக்கால் பங்கும் நாட்டுப் பன்றியில் கால் பங்கும் கலந்து அவர்களே உருவாக்கிய ரகத்துக்கு 'கே.பி.எம். கோல்டு' என்று பெயர். காட்டுப்பாக்கம்தான் கே.பி.எம். பன்றிக்குத் தங்கம் என்று பெயர் வைத்த தைரியம் எனக்குப் பிடித்திருந்தது.

இன்னொன்றும் பார்த்தேன். கொட்டடியில் ஒரு ஈர மூலை. அத்தனை பன்றியும் அந்த மூலைக்கு வரிசையாகப் போய்க் காலைக் கடன் முடித்துவிட்டு, காய்ந்த பக்கம் வந்து படுத்தன. யாரும் போர்டு மாட்டவில்லை. நம் ஊர் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் எத்தனை போர்டு! இடம் கொடுத்தால் பன்றி படுக்கிற இடத்தை அசுத்தம் செய்யாது. சேற்றில் புரள்வதும் அசிங்கம் பிடித்து இல்லை. அதற்கு நம்மைப்போல வியர்க்காது. உடம்புச் சூட்டைத் தணிக்க வேறு வழி இல்லை. சேற்றுக்குப் பதில் தண்ணீர்த் தொட்டி வைத்தால் தொட்டியில் படுக்கும்.

சரி, ரிப்போர்ட்டுக்கு வருகிறேன்.

கர்ப்பம் 114 நாள். மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். ஒரு ஈற்றில் எட்டு, பத்துக் குட்டி. வருடத்துக்கு இரண்டு ஈற்று. ஒரு கிலோ எடை ஏற மூன்று, மூன்றரைக் கிலோ தீவனம். எட்டு மாதத்தில் எண்பது, தொண்ணூறு கிலோ. இதையெல்லாம் கட்டம் கட்டமாகப் போட்டதும் எனக்கே வேலையை விட்டுவிட்டுப் பன்றி வளர்க்கலாம் போல இருந்தது. தாய்ப்பன்றி நிலையான சொத்து, குட்டிகள் சரக்கு இருப்பு. தேய்மானம்கூடப் போட்டேன்.

பிறகு என் புத்தியைக் காட்டினேன். வெளிநாட்டுப் பண்ணைப் படங்களைப் பார்த்தேன். சினைப் பன்றி ஒவ்வொன்றுக்கும் இரண்டடி அகலம், ஏழடி நீளத்தில் ஒரு இரும்புக் கூண்டு. எழலாம், படுக்கலாம், திரும்ப முடியாது. பத்துத் தாய்க்கு 140 சதுர அடி போதும். மச்சினன் வரைந்து கொடுத்த பிளானில் ஒரு தாய்க்கு 25 சதுர அடி கொட்டகை, அதே அளவு திறந்தவெளி. மொத்தம் 500. சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, 'இடம் விரயம். கூண்டு போட்டால் கட்டடச் செலவு மிச்சம்' என்று எழுதி அனுப்பினேன்.

போன் வந்தது.

"மச்சான், நான் பில்லிங் செக்ஷன்ல எங்க உக்காந்திருந்தேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதே."

"பின்னாடி சுவரு, ரெண்டு பக்கம் தடுப்பு, முன்னாடி கம்ப்யூட்டர். சேரைத் திருப்பணும்னா எந்திரிச்சு, சேரைத் தூக்கி, திருப்பிப் போட்டு உக்காரணும். எட்டு வருஷம் மச்சான். பன்னிக்கு அது வேண்டாம்."

ஆபீசில் இதைப் படித்துக்கொண்டிருப்பவர்கள் ஒரு தடவை நாற்காலியைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம்.

இவன் ஒன்றும் உலகத்தில் முதல் ஆள் இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். இந்தக் கூண்டை பிரிட்டன் 1999-லேயே தடை செய்துவிட்டது. ஐரோப்பிய யூனியன் 2013 முதல், கர்ப்பத்தின் முதல் நாலு வாரத்துக்குப் பிறகு கூண்டில் வைக்கக் கூடாது என்றது. கலிபோர்னியாவில் 2018-ல் ஜனங்கள் ஓட்டுப் போட்டு, ஒரு தாய்க்கு 24 சதுர அடி என்றார்கள். பெரிய பண்ணைக்காரர்கள் கோர்ட்டுக்குப் போய், 2023-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டில் தோற்றார்கள். என் மச்சினன் யாரையும் கேட்காமல் 25 போட்டிருந்தான். ஒரு சதுர அடி அதிகம்! நம் நாட்டு 1960-ம் வருட மிருகவதைத் தடைச் சட்டத்திலும், நியாயமாக அசைய இடமில்லாத கூண்டில் அடைப்பது குற்றம் என்றுதான் இருக்கிறது. சட்டம் எழுதியவர்கள் பில்லிங் செக்ஷனையும் சேர்த்திருக்கலாம்.

மாமனார் பண்ணைப் பக்கமே வரவில்லை. அவர் ஒரு பெரிய முட்டைப் பண்ணையில் முப்பது வருடம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். "கோழின்னா சொல்லு, நாளைக்கே ஷெட்டு போட்டுத் தர்றேன். இது வேண்டாம். ஊர்ல தலை காட்ட முடியாது" என்றார். அந்த ஊர்க் கணக்கில் பன்றி என்பது ஒரு மிருகம் இல்லை. ஒரு ஜாதி. அதை யார் வளர்ப்பார்கள், யார் வளர்க்க மாட்டார்கள் என்று எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது.

அந்தச் சட்டத்துக்கு மறுபக்கம் இருந்த பெரியவர் ஒருவர் ஊர்க்கோடியில் இருந்தார். பரம்பரையாகப் பன்றி வளர்த்த குடும்பம். தெருவில் திரிகிறது என்று ஒருநாள் டவுனில் வண்டி வைத்து அத்தனையையும் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். மச்சினன் அவரிடம் போய், "அண்ணே, கொஞ்சம் வந்து பாருங்க" என்று கூப்பிட்டான். வந்தார். கொட்டகை, தண்ணீர்க் குழாய், சிமென்ட் தரை எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார்.

"நாங்க வளர்த்தா அசிங்கம். நீங்க வளர்த்தா பண்ணை. பேங்க்ல லோன் வேற" என்றார்.

மச்சினன் பதில் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? நான் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரே கொஞ்ச நேரம் கழித்து, "தரை வழுவழுன்னு இருக்கு. சினைப் பன்னி சறுக்கி விழுகும். கோடு போட்டு விடு" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பிறகு வாரம் இரண்டு நாள் சம்பளத்துக்கு வந்தார். நான் ரிப்போர்ட்டில் 'தொழில் ஆலோசனைக் கட்டணம்' என்று எழுதினேன். அதைப் படித்துக் காட்டியபோது சிரித்தார்.

மாமனார் கட்சிக்கு ஒரு வார்த்தை. பன்றியால் நாடாப்புழு வரும், மூளைக்குப் போகும் என்று அவர் பயமுறுத்தினார். புழு இருப்பது உண்மை. ஆனால் அந்தப் புழு குடியிருப்பது மனிதக் குடலில். முட்டை வெளியே வருவது மனித மலத்தில். திறந்தவெளியில் நாம் இருந்த இடத்தில் மேய்கிற பன்றிக்குத்தான் அது போகிறது. கறி சரியாக வேகாவிட்டால் பன்றியிடமிருந்து நமக்கே திரும்பி வருகிறது. மூளையில் கட்டி வருவது கறியைத் தின்பதால்கூட இல்லை, அந்த முட்டை கழுவாத கை வழியாகச் சோற்றில் சேர்வதால். ஆக, முதலில் கொடுத்தது நாம். இதை ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் மாமனாரிடம் விளக்கினேன். அன்று அவர் மோர் சாதம் வரை வரவில்லை.

ஏழாம் நம்பரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பத்துத் தாய்க்கும் பெயர் கிடையாது. காதில் நம்பர்தான். 2022 பொங்கல் முடிந்த வாரம் நான் ஊரில் இருந்தேன். முதல் ஈற்று ஏழாம் நம்பருக்கு. அதற்கு முன்பே என் சிவப்புப் பேனா இன்னொரு இடத்தில் வட்டம் போட்டிருந்தது. 'வைக்கோல், கரும்புச் சோகை – ரூ. 2,400. பன்றி இதைத் தின்னாதே? எதற்கு?'

சாயங்காலம் நாலு மணிக்குப் பெரியவர் வந்தார். "இன்னைக்கு ராத்திரி ஈனும். வைக்கோலைப் போடு" என்றார். ஈனும் கொட்டடியில் ஒரு கட்டு வைக்கோலைப் பிரித்து ஒரு மூலையில் போட்டான் மச்சினன்.

ஏழாம் நம்பர் அதுவரை சும்மா நின்றுகொண்டிருந்தது. வைக்கோலைப் பார்த்ததும் போய் ஒரு வாய் கவ்வியது. தின்னவில்லை. தூக்கிக்கொண்டு எதிர் மூலைக்கு வந்து போட்டது. திரும்பிப் போய் இன்னொரு வாய். முன்னங்காலால் பறித்தது. மூக்கால் ஒதுக்கியது. நடுவில் பள்ளம், சுற்றிலும் மேடு. ஒரு பக்கம் சரிந்தது, மறுபடி தூக்கி வைத்தது. இப்படி மூன்று மணி நேரம். பிறந்ததிலிருந்து சிமென்ட் தரையைத் தவிர ஒன்றும் பார்க்காத மிருகம் அது. யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

"எங்க பன்னிங்க முள்ளுக்காட்டுக்குள்ள போயி, கோரையைக் கடிச்சு இழுத்து, மெத்தை போட்டுக்கிட்டுத்தான் ஈனும். நாங்க தேடிக் கண்டுபிடிக்கவே ரெண்டு நாளாகும்" என்றார் பெரியவர்.

"வைக்கோல் போடலைன்னா?"

"வெறுந்தரையையே பறிக்கும். கால் தேயத் தேயப் பறிக்கும். கம்பியைக் கடிக்கும். விடிய விடிய எந்திரிச்சு எந்திரிச்சுப் படுக்கும். குட்டி மேலயே படுத்துரும்."

அந்தக் கூண்டுப் படங்களில் பன்றிகள் ஏன் கம்பியைக் கடித்துக்கொண்டு நின்றன என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான் அதைப் பசி என்று நினைத்திருந்தேன்.

ராத்திரி பதினோரு மணிக்கு முதல் குட்டி வந்தது. கால் மணிக்கு ஒன்றாகப் பதினொன்று. ஒன்று ஒரு கிலோகூட இருக்காது. வழுக்கி விழுந்து எழுந்து, பால் இருக்கிற இடத்துக்குத் தானாகவே வந்தது. குட்டிக்கு முதல் வாரம் 32, 34 டிகிரி சூடு வேண்டும். தாய்க்கோ அது வெந்நீர்ப் பானை. அதனால் ஓரத்தில் ஒரு பெட்டி, அதில் குண்டு பல்பு. சுவரிலிருந்து முக்கால் அடி தள்ளி, தரையிலிருந்து முக்கால் அடி உயரத்தில் ஒரு இரும்புக் குழாய். தாய் சுவரில் சாய்ந்து சரியும்போது குட்டி ஒதுங்க இடம். இந்தக் குழாய்க்கும் நான் வட்டம் போட்டிருந்தேன். வேண்டாம், என் வட்டங்களை எண்ண ஆரம்பித்தால் பக்கம் போதாது.

இரண்டு மூன்று நாளில் குட்டிகள் தங்களுக்குள் இடம் பிரித்துக்கொண்டுவிட்டன. ஒவ்வொன்றுக்கும் ஒரு காம்பு. கடைசி வரை அதே காம்பு. முன்பக்கத்துக் காம்பில் பால் அதிகம், அதற்கு அடிதடி. நோஞ்சான்களுக்குக் கடைசி சீட்டு. எலெக்ட்ரிக் டிரெயினில் தினமும் வருகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

திருவிளையாடற் புராணத்தில் ஒரு படலம் உண்டு. தாயை இழந்த பன்னிரண்டு பன்றிக் குட்டிகளுக்காக மதுரைச் சொக்கநாதர் தாய்ப்பன்றியாக வந்து பால் கொடுக்கிறார். சின்ன வயதில் கதையாகக் கேட்டது. அன்று ஏழாம் நம்பரைப் படுக்கவைத்து எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு காம்பு. புராணம் எழுதியவர் கொட்டடிக்குள் போய் எண்ணியிருக்கிறார் சார். இதை மாமியாரிடம் சொன்னதும், அடுத்த பெண் வீட்டில் சொல்ல அவருக்கு ஒரு பாயின்ட் கிடைத்தது. "சாமியே பன்னியா வந்திருக்காருங்க!" அந்தச் சம்பந்தமும் தட்டிப்போனது.

அறிவிலும் சளைத்ததில்லை. 2021-ல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வெளியானது. நாலு பன்றிகளுக்கு வீடியோ கேம் ஆடக் கற்றுக் கொடுத்திருந்தார்கள். மூக்கால் ஜாய்ஸ்டிக்கை அசைத்துத் திரையில் புள்ளியை நகர்த்தின. அதில் இரண்டின் பெயர் ஹாம்லெட், ஆம்லெட். இவ்வளவு மூளை உள்ள ஒன்றுக்கு நாள் முழுக்கச் செய்ய ஒன்றும் இல்லாவிட்டால் என்ன செய்யும்? பக்கத்துப் பன்றியின் வாலைக் கடிக்கும். அதற்காகப் பெரிய பண்ணைகளில் பிறந்ததும் வாலை வெட்டிவிடுகிறார்கள். எங்கள் பண்ணையில் (கவனிக்க: 'எங்கள்' ஆகிவிட்டது) வாலை வெட்டவில்லை. கரும்புச் சோகையை அள்ளிப் போடுகிறார்கள். கிளறிக்கொண்டே பொழுது போகிறது. ஆபீசில் ஃபைலைக் கிளறுகிற மாதிரிதான்.

இப்போது பணம். பன்றிப் பண்ணையில் செலவு என்றால் தீவனம்தான், மற்றதெல்லாம் சில்லறை. கடைத் தீவனம் போட்டால் கையைக் கடிக்கும். ஆகவே நம் ஊர்ப் பண்ணைகள் பெரும்பாலும் ஓட்டல் மிச்சத்தை நம்பி நடக்கின்றன. ஒரு வகையில் இது நல்ல காரியம். மனிதன் இலையில் விட்டதைக் குப்பை மேட்டுக்குப் போகவிடாமல் கறியாக மாற்றுகிற யந்திரம் வேறு எதுவும் இல்லை. மச்சினன் தினமும் காலையில் குட்டி யானையில் மூன்று டிரம் ஏற்றிக்கொண்டு ஓட்டல் ஓட்டலாகப் போவான். குட்டி யானை என்றால் அந்தச் சின்ன டெம்போ. யானையில் பன்றிக்குச் சாப்பாடு.

கொண்டு வந்ததை வேக வைத்துத்தான் போடுவான். தொண்ணூறு டிகிரி சூட்டில், ஒரு மணி நேரம், கிளறிக்கொண்டே. சாணத்தில் கோபர் கேஸ் போட்டிருந்தான். பாதிச் சமையல் அதில். பன்றி போட்டதில் பன்றிக்குச் சமையல். கழிவு நீர் அடுத்த வயல் குச்சிக்கிழங்குக்கு. மீதிச் சமையலுக்கு விறகு. விறகுச் செலவைப் பார்த்ததும் சிவப்புப் பேனா எடுத்தேன். 'ஏற்கெனவே வெந்த சோற்றை மறுபடி ஏன் வேக வைக்க வேண்டும்?' நல்ல கேள்விதானே? மச்சினன் பதிலே அனுப்பவில்லை. வேக வைத்துக்கொண்டே இருந்தான்.

2022 ஜூலை. வயநாட்டில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்று செய்தி. 2020-ல் அஸ்ஸாம், அருணாசலப் பக்கம் வந்தது. நமக்கென்ன, அது எங்கேயோ என்று இருந்தோம். இப்போது நாமக்கல்லிலிருந்து ஒரு ராத்திரிப் பயண தூரத்தில். இது மனிதர்களுக்கு வராது. பன்றிக்கு வந்தால் பத்தில் ஒன்று பிழைப்பதே அபூர்வம். போட ஊசி இல்லை. ஒரு பண்ணையில் வந்தால் அக்கம்பக்கத்துப் பன்றிகளையும் கொன்று புதைக்க வேண்டும். பரவுவது எப்படி? செருப்பு அடியில், வண்டிச் சக்கரத்தில், எல்லாவற்றுக்கும் மேல் சரியாக வேகாத பன்றிக்கறி மிச்சத்தில். அதாவது ஓட்டல் டிரம்மில்.

என் விறகு வட்டம் ஞாபகம் வந்தது. சென்னையில் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். மனைவி, "செயினா?" என்றாள். தூக்கத்திலும் சரியாகத்தான் கேட்டாள்.

மறுநாள் பஸ் ஏறினேன். பண்ணை கேட் சாத்தியிருந்தது. உள்ளே விடவில்லை. ஒன்றரை லட்சம் கொடுத்தவனைச் செருப்பைக் கழற்றச் சொல்லி, மருந்துத் தண்ணீரில் காலை முக்கச் சொன்னான். கேட்டுக்கு வெளியே ஒரு ஆள் சுண்ணாம்பைக் கோடாகக் கொட்டிக்கொண்டிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் துண்டு.

மாமனார்.

"மாப்பிள்ளை, வியாபாரி லாரி நாலு பண்ணை சுத்திட்டு வருவான். அவனைக் கேட்டுக்கு இந்தப் பக்கம் விடக் கூடாது. கோழிக்குச் சீக்கு வந்தப்ப நாங்க இப்படித்தான் பண்ணினோம்" என்றார். முப்பது வருட முட்டைக் கணக்கு. நோய் வந்த ஷெட்டைப் பேரேட்டிலிருந்து எப்படி அடிப்பார்கள் என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஒன்றரை வருடத்தில் அன்றுதான் முதல் தடவை அங்கே வந்திருக்கிறார். அப்போதும் 'பன்றி' என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. "வெள்ளை" என்றார்.

நோய் வரவில்லை. வேறொன்று வந்தது. கேரளா, வெளி மாநிலப் பன்றிகள் உள்ளே வரக் கூடாது என்று தடை போட்டது. எங்கள் வியாபாரியின் லாரி போவதே கேரளாவுக்குத்தான். ஆகஸ்டில் 52 பன்றிகள் விற்பனைக்குத் தயார். வாங்க ஆள் இல்லை. மளிகைக் கடைச் சரக்கு விற்காவிட்டால் அலமாரியில் சும்மா இருக்கும். இந்தச் சரக்கு ஒவ்வொன்றும் தினமும் மூன்று கிலோ தின்னும். 52 பெருக்கல் 3, நாளைக்கு 156 கிலோ. பி.காமில் இப்படி ஒரு சரக்கு இருப்பைப் பற்றி எங்களுக்கு நடத்தவில்லை. பின்னாலேயே புரட்டாசி வேறு.

ஓட்டல் டிரம்மையும் மச்சினன் நிறுத்திவிட்டான். "டிரம்மு வேற பண்ணைக்கும் போகுது மச்சான். நான் வேக வச்சாலும், டிரம்மு வெளிய ஒட்டிக்கிட்டு வருமே." நியாயம். ஆனால் போடுவது எதை?

ராசிபுரம், சேந்தமங்கலம் பக்கமெல்லாம் குச்சிக்கிழங்குக் காடு. ஜவ்வரிசி ஆலைகளில் மாவு எடுத்தபின் மிஞ்சுகிற சக்கைக்குத் திப்பி என்று பெயர். அதைக் காய வைத்து, கடலைப் புண்ணாக்கும் தவிடும் தாது உப்பும் கலந்தான். திப்பியில் மாவுச் சத்து உண்டு, புரதம் கிடையாது. புண்ணாக்கில்லாமல் போட்டால் பன்றிக்குத் தொப்பை வருமே தவிர எடை வராது. (இதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை.) புண்ணாக்கு கடனுக்கு வந்தது. கடனுக்கு ஜாமீன் மாமனார் கையெழுத்து. வங்கித் தவணை இரண்டு தவறியது. அந்த இரண்டு மாதமும் நான் கணக்கு எழுதினேன், ஆனால் சிவப்புப் பேனாவைத் தொடவில்லை.

ஐப்பசியில் பெங்களூர் வியாபாரி ஒருவர் வந்தார். எதிர்பார்த்த விலை இல்லை. 52-ம் போயிற்று. அந்த வருடம் லாபம் என்று எழுத ஒன்றுமில்லை. நஷ்டமும் பெரிதாக இல்லை. 2023 தொடக்கத்தில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் அதே காய்ச்சலில் செத்தன என்று செய்தி வந்தபோது, எங்கள் கேட்டில் இன்னொரு கோடு சுண்ணாம்பு விழுந்தது. அது இன்றுவரை விழுந்துகொண்டிருக்கிறது. செயின் 2024-ல் வீட்டுக்கு வந்தது. மச்சினனுக்கு இன்னும் பெண் பார்க்கிறார்கள். நல்ல பையன். தண்ணி, சிகரெட் கிடையாது. ஜாதகம் கைவசம் இருக்கிறது.

2025 மாசியில் மறுபடி போன். ராத்திரி ஒன்பது மணி.

"மச்சான், ஏழாம் நம்பரைக் கொடுத்தரலாம்னு இருக்கேன். ஆறு ஈத்து ஆயிருச்சு. போன ஈத்துல அஞ்சுதான். ரெண்டு மேல படுத்துக்கிச்சு."

நான் பேசவில்லை. அன்பாக வளர்த்தோம், இடம் கொடுத்தோம், மெத்தை போட்டோம், கடைசியில் போகிற இடம் ஒன்றுதான். இதை அவன் என்னிடம் ஒருநாளும் மறைத்ததில்லை. கறிக்குத்தான் வளர்க்கிறோம் மச்சான் என்று முதல் நாளே சொன்னவன். பெரியவருக்கும் இதில் குழப்பம் எதுவும் இல்லை. எனக்குத்தான் தொண்டையில் என்னவோ.

"எத்தனை மணிக்கு?"

"விடியக்காலம் நாலு மணிக்கு ஏத்தறோம். வெயில் ஏறினா தாங்காது. வேற யாரோடவும் சேர்த்து ஏத்தலை, தனி வண்டி. நானே கூடப் போறேன். ஒரு சந்தேகம் மச்சான், அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

"சொல்லு."

"வண்டியில ஒரு கட்டு வைக்கோல் போட்டிருக்கேன். அறுபது ரூபா. அதை எதுல எழுதறது? தீவனத்துலயா, பராமரிப்புலயா?"

"டிரான்ஸ்போர்ட்டுல எழுது" என்றேன்.